மிக்சருக்கு மண் பழக்கிய மாடக்கண்ணு

மாடக்கண்ணு தூத்துக்குடித் துறைமுகத்தில் கைகாட்டுகிற ஆள். அடையாள அட்டையில் சிக்னல்மேன் என்று போட்டிருக்கும். கப்பல் தட்டில் நின்றுகொண்டு, உயரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கும் கிரேன் டிரைவருக்குக் கையாலேயே எல்லாம் சொல்ல வேண்டும். கட்டைவிரல் மேலே போனால் தூக்கு. உள்ளங்கை கீழே பார்த்து அசைந்தால் இறக்கு. கை மூடினால் நிறுத்து. இறக்கும்போது மட்டும் வாயாலும் சொல்லுவார்: “ஆரியா… ஆரியா…” இறக்கு என்பதற்கு அங்கே அதுதான் சொல். எந்த நாட்டுக் கப்பல்காரன் விட்டுப் போனதோ, யாருக்கும் தெரியாது. அவ்வளவு உயரத்தில் இருக்கிறவனுக்கு அது கேட்கவும் செய்யாது. ஆனாலும் சொன்னால்தான் மாடக்கண்ணுக்குக் கை ஓடும்.

இருபத்தாறு வருஷத்தில் அவர் கைக்கு ஏறி இறங்கிய சரக்கு கொஞ்சநஞ்சமல்ல. ஒரு தெருவையே அடைக்கிற நீளத்துக்குக் காற்றாலை இறக்கைகள், பர்மாத் தேக்குத் தடிகள், பாறை மாதிரி எந்திரங்கள். ஒன்றில்கூடக் கீறல் விழுந்ததில்லை. அப்பேர்ப்பட்ட மனுஷனால், நாலு கிலோ எடையுள்ள ஒரு பூனையை ஒரு முழ நீளத் தொட்டியில் இறக்கி உட்கார வைக்க முடியவில்லை.

பூனையின் பெயர் மிக்சர். கடுவன். வெள்ளை உடம்பில் காராபூந்தியைத் தூவினாற்போல் மஞ்சள் திட்டுகள். மகள் சுடலைச்செல்வி கல்லூரியில் படிக்கும்போது ஒரு சிநேகிதி வீட்டிலிருந்து கண் திறக்காத குட்டியாகக் கொண்டுவந்து, மருந்து ஊற்றுகிற சொட்டுக்குழாயால் பால் கொடுத்து வளர்த்தாள். மாப்பிள்ளையூரணியில் அவர்கள் இருந்தது மாடி வீடு. தெருமுனையில் ஏழெட்டு நாய். அதனால் மிக்சர் படி இறங்கியதே இல்லை. செல்வியின் அறைக் குளியலறையில் ஒரு தொட்டி, அதில் கடையில் வாங்கிய மண். பூனை அதில் போகும், மூடும், காலை உதறிவிட்டு வரும். பூனைக்கென்று கடையில் மண் விற்கிறார்கள் என்பதே மாடக்கண்ணுக்குப் பெரிய அதிசயமாக இருந்தது. அவர் பிறந்த ஊர் ஸ்ரீவைகுண்டத்துக்குக் கிழக்கே, ஆற்றங்கரையில். அங்கே பூனைக்கு ஊர் முழுக்க மண்.

செல்வி அந்தக் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். மாடக்கண்ணு பத்தாவதில் நின்றவர், அவர் மனைவி முப்பிடாதி நாலாவது. பி.காம். முடித்து, ஒரு கப்பல் ஏஜென்சி அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து, ஏழாவது மாதத்தில் ஒருநாள் செல்வி வீட்டுக்குத் திரும்பவில்லை. கூடப் படித்த ஜெபினைக் கல்யாணம் செய்துகொண்டாள். ஜெபின் தருவைகுளத்துப் பையன், ஆழ்கடலுக்குப் போகிற போட்டில் டிரைவர். வேறு வேதம், வேறு மண். போலீஸ் ஸ்டேஷனில் இரண்டு பக்கத்தாரையும் உட்கார வைத்துப் பேசினார்கள். இந்த ஊரில் அதற்கென்று ஒரு வழக்கம் இருக்கிறது. பெண் மேஜர் என்றால், பெற்றவர்களிடம் ஒரு தாளை நீட்டுவார்கள். ‘இனி இவளுக்கும் எங்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.’ மாடக்கண்ணு கையெழுத்துப் போட்டார். பெஞ்சின் அந்த முனையில் உட்கார்ந்திருந்த செல்வி, அவர் பேனாவை மூடுகிற வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்த முப்பிடாதி, மகளின் சாமான்கள் எல்லாவற்றையும் சாக்கில் கட்டிக் குப்பை வண்டியில் போட்டாள். பூனைத் தொட்டியும் அதோடு போயிற்று. பூனையும் போயிருக்கும். அது பீரோவுக்கு அடியில் புகுந்துகொண்டு வரவில்லை.

அன்றிலிருந்துதான் மிக்சருக்குப் போக இடமில்லாமல் ஆனது. அரிசிச் சாக்கு, மிதியடி, துவைக்கப் போட்ட சீருடை. குறிப்பாக, செல்வி படுத்திருந்த கட்டிலின் கால்மாட்டு மூலை.

மூன்று வாரம் கழித்து மாடக்கண்ணு போனில் ஒரு செய்தி வந்தது. ‘மிக்சருக்குத் தடுப்பூசி போடணும். இருபதாம் தேதிக்குள்ள.’ அப்பா என்றோ, நல்லா இருக்கீங்களா என்றோ ஒன்றுமில்லை. மாடக்கண்ணு அரைநாள் லீவு போட்டு ஊசி போட்டுக்கொண்டு வந்து, ‘போட்டாச்சு’ என்று பதில் அனுப்பினார். அதற்குப் பிறகு வாரத்துக்கு இரண்டு மூன்று வரும். மிக்சர் சாப்பிட்டானா. சாப்பிட்டான். மிக்சர் முடி கொட்டுதானா. கொட்டுது. அப்பனும் மகளும் ஒன்றேகால் வருஷம் பேசியது இவ்வளவுதான். அவ்வளவும் பூனையைப் பற்றி.

தை கடைசியில் ஒரு குரல் செய்தி வந்தது. எழுத்தாக இல்லாமல் குரலாக வந்தது அதுதான் முதல் தடவை.

“டாக்டரம்மா பூனப் பீய அள்ளக் கூடாதுன்னு சொல்லிருக்காவ, வயித்துப் பிள்ளைக்கு ஆகாதாம். இல்லன்னா இப்பவே வந்து எடுத்துருவேன். பிள்ள பெறந்து நான் தேறினதும், மிக்சர எடுத்துக்கிட வாரேன். அதுவரைக்கும் வச்சிருக்கணும்.”

மாடக்கண்ணு துறைமுகக் கேண்டீன் பின்னால் நின்று அதை ஒன்பது தடவை கேட்டார். முதல் இரண்டு தடவை பிள்ளைக்காக. மீதியெல்லாம் அந்த ‘வாரேன்’ என்ற சொல்லுக்காக. எடுக்க வருகிறவள் படியேறித்தானே வர வேண்டும். கைப்பிள்ளையைக் கீழே விட்டுவிட்டா வருவாள்.

வீட்டுக்குப் போய், “ஏளா, செல்வி உண்டாயிருக்கா” என்றார்.

முப்பிடாதி வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். “எந்தச் செல்வி?” என்றாள். கத்தி நிற்கவில்லை.

இந்த நிலையில்தான், இத்தனை நாள் பொறுத்துக்கொண்டிருந்த கீழ்வீட்டு ஜெயஷீலா டீச்சர் மாடியேறி வந்தார். வீட்டுக்காரர் அவர்தான். ஓய்வு பெற்றவர், தனியாக இருப்பவர்.

“அண்ணாச்சி, நான் குத்தம் சொல்லணும்னு வரல. நான் ஜெபம் பண்ணுத எடத்துக்கு நேர் மேலதான் ஒங்க பூனைக்கு வருது. கண்ண மூடுனா ஆண்டவர் வரல, அந்த வாடைதான் வருது.”

“பழக்கிருதேன் டீச்சர்.”

“முப்பத்திரெண்டு வருஷம் ஒண்ணாப்புக்குப் பாடம் எடுத்தவ நான். மனுசப் பிள்ளைக்கே மூணு மாசம் ஆவும். சரி, பங்குனி முடியட்டும். அதுக்குள்ள பழகலன்னா ஒண்ணு பூன போகணும், இல்லன்னா வருத்தப்படாதீங்க, நீங்க போகணும்.”

அவர் இறங்கிப் போனதும் முப்பிடாதி சொன்னாள்: “அத ஒரு சாக்குல போட்டு மீன்பிடித் துறைமுகத்துல விட்டுட்டு வாங்க. ராசா மாதிரி பொழச்சிக்கிடும்.”

“வேற பேச்சு இருந்தா பேசு” என்றார் மாடக்கண்ணு.

ஓட்டைப் பிளாஸ்டிக் கேன் ஒன்றைப் பாதியாக அறுத்துத் தொட்டி ஆக்கினார். எப்படிப் பழக்க வேண்டும் என்று செல்வியிடமே கேட்டார். குரலில் பதில் வந்தது. சாப்பிட்ட உடனே, தூங்கி எழுந்த உடனே தூக்கித் தொட்டியில் வைக்க வேண்டும். முன்னங்கால் இரண்டையும் பிடித்து மண்ணைப் பறித்துக் காட்ட வேண்டும். இருந்துவிட்டால் அந்த நிமிஷமே பிடித்தது எதையாவது கொடுக்க வேண்டும். அடிக்கக் கூடாது, சத்தம் போடக் கூடாது. “அவனுக்கு ரோசம் உண்டு. ஒருக்க கோவிச்சிட்டான்னா அவ்வளவுதான்” என்று முடித்திருந்தாள். பூனையைத்தான் சொன்னாள்.

கடையில் விற்கிற மண்ணை வாங்கிப் போட்டார். மிக்சர் முகர்ந்து பார்த்துவிட்டுத் தொட்டிக்கு வெளியே, விளிம்பை ஒட்டிப் போனது. முத்துநகர் கடற்கரையில் இருந்து மணல் அள்ளி வந்தார். ஈரமும் உப்பும். பூனை ஒரு காலை வைத்து, உதறி, மாடக்கண்ணு முகத்தை ஒரு பார்வை பார்த்தது. தடி இறக்கிய கப்பலில் இருந்து மரத்தூள் கொண்டுவந்து நிரப்பினார். அதில் ஏறிச் சுருண்டு படுத்து, சாயங்காலம் வரை தூங்கியது. எழுந்து போய்க் கட்டில் மூலையில் இருந்தது.

“வேல முடிஞ்சு வந்து இந்தப் பாடு ஒங்களுக்கு” என்றாள் முப்பிடாதி. “என் பிள்ளைக்கு நீங்க ஒருநா கால் கழுவிவிட்டதில்ல.”

“யாரு பிள்ளைக்கு?” என்றார் மாடக்கண்ணு.

முப்பிடாதி அடுக்களைக்குள் போனாள்.

ஆற்று மணல் யோசனை அவருக்கு வெள்ளூர் வாய்க்காலில் குளித்துக்கொண்டிருக்கும்போது தோன்றியது. பிறந்த ஊரில் ஒரு துக்க வீட்டுக்குப் போயிருந்தார். அண்ணன் சங்கரலிங்கத்திடம் மெதுவாகக் கேட்டார்.

“எலேய், ஒனக்கு வெவரம் இருக்கா?” என்றார் அண்ணன். “ஆத்து மணல ஒரு சட்டி அள்ளுனா கேஸு. மாட்டு வண்டிய எல்லாம் புடிச்சி வச்சிருக்கான். பூனை பேளுததுக்கு மணல் கடத்துன துறைமுக ஊழியர் கைதுன்னு பேப்பர்ல போடுவான், படத்தோட.”

“ஒரு பை போதும்ண்ணே.”

“படத்துல பூனையும் இருக்கும்.”

சொல்லிவிட்டு அண்ணனே வீட்டுக்குப் பின்னால், எப்போதோ கொத்தனார் வேலைக்கு அடித்து மிஞ்சிய மணல் குவியலில் இருந்து இரண்டு பை கட்டிக் கொடுத்தார். மாடக்கண்ணு சாப்பாட்டுப் பைக்குள் வைத்து, மேலே துண்டைப் போட்டு மூடி, பஸ்ஸில் காலுக்கு நடுவே வைத்துக்கொண்டு வந்தார். ஒரு செக்போஸ்ட்டில் பஸ் நின்றபோது உண்மையிலேயே அவருக்கு வேர்த்தது.

அதே வாரம் துறைமுக வாசலில் ஜெபின் நின்றுகொண்டிருந்தான். ஸ்டேஷனுக்குப் பிறகு அன்றுதான் நேருக்கு நேர்.

“மாமா” என்றான். மாடக்கண்ணு காதில் விழுந்தது. விழாதது போல நின்றார்.

“செல்வி குடுத்து விட்டா. நெத்திலிக் கருவாடு, எங்கம்மை காயப் போட்டது.” ஒரு பொட்டலத்தை நீட்டினான். “மிக்சருக்காம்.”

மாடக்கண்ணு வாங்கிக் கையில் எடை பார்த்தார். “ரெண்டு கிலோ இருக்கும் போலுக்கே.”

“நானும் அதத்தான் கேட்டேன் மாமா. பூனையே நாலு கிலோதான, அதுக்கு ரெண்டு கிலோ கருவாடான்னு. ‘நீ குடுத்துட்டு மட்டும் வா’ன்னுட்டா.”

மாடக்கண்ணுக்கு நெத்திலிக் கருவாடு என்றால் உயிர். சுட்டு, பழைய சோற்றுக்குக் கடித்துக்கொண்டால் வேறெதுவும் வேண்டாம். சின்ன வயதில் செல்விதான் முள் பார்த்துக் கிள்ளி அவர் தட்டு ஓரத்தில் வைப்பாள். இந்தப் பொட்டலம் யாருக்கு வந்தது என்று அவருக்குப் புரியாமல் இல்லை. ஆனால் மிக்சருக்கு என்றுதானே சொல்லி விட்டிருக்கிறாள். அப்பாவுக்கு என்று அவள் வாயால் சொல்லாததை எடுத்துத் தின்ன மனசு ஒப்பவில்லை. எழுதிக் கொடுத்த ஆளுக்கு அதற்கு என்ன பாத்தியதை. பூனைக்கென்று வந்ததைப் பூனைக்கே கொடுப்பதுதான் முறை என்று முடிவு கட்டினார். நாணயஸ்தன் என்று பெயர் எடுத்த மனுஷன் வேறு எப்படி நினைப்பார்?

ஆற்று மணலைத் தொட்டியில் கொட்டி, விரலால் நிரவினார். சாப்பிட்டு முடித்த மிக்சரைக் கக்கத்தில் கையைக் கொடுத்துத் தூக்கினார். “ஆரியா… ஆரியா…” நான்கு காலும் மணலில் பட்டன. பூனை குனிந்து முகர்ந்தது. சுற்றி வந்தது. பறித்தது. பிறகு, கண்ணை எங்கோ தூரத்தில் வைத்துக்கொண்டு, வெளிக்கு இருந்தது.

அது மூடி முடித்ததும் மாடக்கண்ணு ஒரு நெத்திலியை எடுத்து நீட்டினார். மிக்சர் கண்ணை மூடிக்கொண்டு தின்றது.

“பாத்தியா?” என்றார் மனைவியிடம். “ஆத்துத் தண்ணி குடிச்ச வம்சத்துப் பூன.”

“கடக்கரைக் கருவாடுல்ல திங்கிது” என்றாள் அவள். பொட்டலம் எங்கிருந்து வந்தது என்று அவள் கேட்டதே இல்லை.

பாதி வேலை முடிந்தது. மூத்திரம் மட்டும் இன்னும் பழைய இடங்களில்தான். ஆகவே தொட்டியில் கொண்டுபோய் வைக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு நெத்திலி. தானாக அந்தப் பக்கம் நடந்தால் ஒன்று. ‘ஆரியா’ என்ற சொல்லுக்குத் திரும்பிப் பார்த்தால் ஒன்று. ஒரு வாரத்தில் மிக்சர் அந்தச் சொல்லைக் கேட்டாலே தொட்டிக்கு ஓடியது. கருவாடு ருசி கண்ட பிறகு வேறு சோற்றைத் தொடவில்லை. தண்ணீர்க் கிண்ணத்தில் காலை விட்டு ஆட்டிவிட்டுப் போய்விடும். அது எப்போதும் அப்படித்தான் என்று மாடக்கண்ணு நினைத்தார்.

பங்குனி நடுவில் வீட்டில் ஈரம் குறைய ஆரம்பித்தது. கட்டில் மூலையில் குளமாகக் கிடந்த இடத்தில், இரண்டு மூன்று சொட்டு. மிதியடியில் ஒன்றுமே இல்லை. ஜெயஷீலா டீச்சர் படியில் பார்த்து, “அண்ணாச்சி, வாடை கொறஞ்சிருக்கே. ஜெயிச்சிட்டீங்க போல” என்றார். மாடக்கண்ணு அன்றைக்கு நடந்த நடையில் ஒரு துள்ளல் இருந்தது.

வியாழக்கிழமை காலை மிக்சர் யாரும் தூக்காமல், யாரும் சொல்லாமல், தானாகப் போய்த் தொட்டியில் உட்கார்ந்தது. பின்பக்கம் தாழ்த்தி, வால் நடுங்க, மூத்திரத்துக்கு உட்காருகிற வாக்கில். இறங்கிப் போய்விட்டு மறுபடி வந்து உட்கார்ந்தது. மறுபடி. மாடக்கண்ணுக்கு மகிழ்ச்சி பிடிபடவில்லை. வேலைக்குக் கிளம்புமுன் ஆறு நெத்திலி கொடுத்தார். சாயங்காலம் வந்தபோது பூனை தொட்டியை விட்டு நகரவே இல்லை. வெள்ளிக்கிழமையும் அதே. ஒரு தடவை அது ‘ம்ர்ர்’ என்று ஒரு சத்தம் கொடுத்தது. தன்னைக் கூப்பிட்டுக் காட்டுகிறது என்று எடுத்துக்கொண்டார். நெத்திலியை நீட்டினால் முகத்தைத் திருப்பியது. பழகிய பிறகு லஞ்சம் எதற்கு என்று நினைத்துச் சிரித்தார்.

போனில் ஒரு நிமிஷம் படம் பிடித்தார். பின்னணியில் அவர் குரல்: “பாரு தாயி, நான் சொல்லவே இல்ல. தானாப் போயி இருக்கான். பழகிட்டான்.” தாயி என்ற சொல் அவரை அறியாமல் வந்துவிட்டது. அழித்து மறுபடி எடுக்கலாமா என்று யோசித்தார். அப்படியே அனுப்பினார்.

செல்வி அதை வெள்ளிக்கிழமை பார்க்கவில்லை. சனிக்கிழமை காலை எட்டரை மணிக்குப் போன் அடித்தது. செய்தி இல்லை. அழைப்பு.

“அப்பா” என்றாள்.

ஸ்டேஷனுக்குப் பிறகு அந்தச் சொல்லை அன்றுதான் கேட்கிறார். அது மட்டும்தான் காதுக்குள் போனது. அதற்குப் பின்னால் அவள் வேகவேகமாக என்னவோ சொல்லிக்கொண்டே போனாள். இவர் சுவரைப் பிடித்துக்கொண்டு, “சொல்லு தாயி… ம்… சொல்லு” என்றார்.

“அப்பா, கேக்குதீகளா இல்லையா? அவன் இருக்கல. முக்குதான். மூத்திரம் வராம முக்குதான். தொட்டி நனைஞ்சிருக்கான்னு கையவச்சுப் பாருங்க.”

மாடக்கண்ணு போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு மணலில் கையை வைத்தார். ஆற்று மணல் காய்ந்து, பொலபொலவென்று விரலுக்கு நடுவே உதிர்ந்தது.

“ஆசுபத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுங்க. இப்பவே.”

ஆட்டோவில் முப்பிடாதியும் ஏறிக்கொண்டாள். யாரும் கூப்பிடவில்லை. பூனையை மடியில் வாங்கிக்கொண்டாள். மில்லர்புரம் தாண்டும்போது, “வயிறு கல்லு மாதிரி இருக்குங்க” என்றாள்.

கால்நடை ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் சின்னப் பெண். செல்வி வயதுதான் இருக்கும். வயிற்றை அமுக்கிப் பார்த்த உடனே முகம் மாறியது.

“எத்தன நாளா செரமப்படுது?”

“செரமப்படல டாக்டர்” என்றார் மாடக்கண்ணு. “பழகிட்டிருந்தான்.”

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு குழாய் விட்டுப் பார்க்க முயன்றார். முக்கால் மணி நேரம் போராடினார். இடையில் கேள்விகள். என்ன சாப்பாடு. தண்ணீர் குடிக்குமா. கருவாடு எவ்வளவு.

“ஒரு நாளைக்கு… இருபது இருக்கும்.”

“கடுவனுக்கு வழி ரொம்பக் குறுகல். உப்பு, தண்ணி குடிக்காம இருக்கது, வீட்டுக்குள்ளயே கெடக்கது எல்லாம் சேந்து பொடிக்கல்லா அடைச்சிரும். கருவாடு ஒண்ணாலதான்னு நான் சொல்லமாட்டேன். ஆனா அது கூடாது. நேத்து வந்திருந்தாக்கூடப் பாத்திருக்கலாம்.”

நேற்று அவர் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

பதினொன்றரைக்கு மிக்சர் போய்விட்டது. மேசையில் கிடந்தபோது மாடக்கண்ணு கையை அதன் முதுகில் வைத்துக்கொண்டே இருந்தார்.

செல்வியிடம் போனில் சொல்ல நா எழவில்லை. நேரில் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் மரியாதை என்று தோன்றியது. அவளுடைய பூனை. வீட்டுக்கு வந்ததும் முப்பிடாதி பரணில் இருந்து ஒரு மஞ்சள் ஷாலை இறக்கிக் கொடுத்தாள். சுருட்டிக் கட்டும்போது அது யாருடையது என்று அவருக்குத் தெரிந்தது. எல்லாவற்றையும் குப்பை வண்டியில் போட்டேன் என்றவள்.

“நீ வரலியா?”

“வந்து?” என்றாள். உள்ளே போய்விட்டாள்.

தருவைகுளத்துக்கு அவர் போனதே இல்லை. பஸ்ஸை விட்டு இறங்கி ஜெபின் வீடு என்று கேட்டதும், “செல்விக்கு அப்பாவா? மாப்பிளை வீட்டுக்கா?” என்று ஒரு பெண் கூடவே வந்து காட்டினாள். வீட்டுப் பக்கத்தில் வலை விரித்து, அதன்மேல் நெத்திலி காய்ந்துகொண்டிருந்தது. வெயிலில் வெள்ளி மாதிரி. அதைத் தாண்டித்தான் வாசலுக்குப் போக வேண்டும். ஜெபினின் தாய் எழுந்து, “வாங்க சம்மந்தி, உள்ள வாங்க, எவ்வளவு நாளாச்சு” என்று பதறினாள்.

செல்வி வாசலில் வந்து நின்றாள். ஏழு மாத வயிறு. இளைத்திருந்தாள். அவர் கையில் இருந்த மூட்டையைப் பார்த்தாள், ஷாலைப் பார்த்தாள். அவருக்கு விளக்க வேண்டிய வேலை இருக்கவில்லை. வாங்கி, படியில் உட்கார்ந்து, அவிழ்த்து, காதுக்குப் பின்னால் தடவினாள். அழுகை வந்தபோது சத்தம் இல்லை. மாமியார் ஒரு தண்ணீர்ச் செம்பைக் கொண்டுவந்து மாடக்கண்ணு பக்கத்தில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள்.

“டாக்டர் என்ன சொன்னாவ?”

“கல்லு அடைச்சிட்டாம்.”

“எதுனால?”

மாடக்கண்ணு செம்பைப் பார்த்தார்.

“என்ன குடுத்தீக அவனுக்கு?”

பின்னால் வலையில் காய்கிற வாடை காற்றில் வந்துகொண்டிருந்தது. அவர் சொன்னார்: “கருவாடு.”

செல்வியின் முகம் அப்படியே நின்றது. “நான் குடுத்து விட்டதா?”

இருபத்தாறு வருஷம் கப்பல் தட்டில் நின்றவருக்குத் தெரியும். சரக்கு அந்தரத்தில் ஆடும்போது, கீழே யார் நிற்கிறார்கள் என்று பார்த்துத்தான் கையைக் காட்ட வேண்டும். கீழே நின்றது வயிற்றுப்பிள்ளைக்காரி. பின்னால் நின்றது அதைக் காயப் போட்ட கை.

“ச்சே, அது இல்ல” என்றார். “அது நாந் தின்னுட்டேன். அவனுக்குக் கடைல வாங்கிப் போட்டேன். கழிவு வெலைக்குக் குடுத்தான், பழசு.”

“நான் குடுத்தத நீங்க தின்னீகளா?”

“ஆமா.”

“நல்லா இருந்துச்சா?”

“நல்லா இருந்துச்சு.”

அவள் ஒரு கணம் தலையை ஆட்டினாள். ஏதோ ஒன்று சரியாக நடந்திருக்கிறது என்பது போல. பிறகு மடியில் கிடந்ததைப் பார்த்தாள். தலையாட்டல் நின்றது.

“எனக்கு இருந்தது இவன் ஒருத்தன் அங்க. நல்லதக் கறுக்குமொறுக்குன்னு நீங்க தின்னுட்டு, இவனுக்குக் கடைக் கழிவ வாங்கிப் போட்டிருக்கீக.” குரல் உயரவே இல்லை. “ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா. கேக்க முடியாத மாதிரியா நான் இருந்தேன். மிக்சரப் பத்தித்தான டெய்லி கேட்டேன்.”

“தப்புதான் தாயி.”

“சரி. நீங்க போங்க. நாங்க பொதச்சிக்கிடுதோம்.”

“உள்ள வந்து ஒரு வாய்…” என்று மாமியார் ஆரம்பித்தாள்.

“வேண்டாம் மாமி. அவுகளுக்கு நேரமாகும்.” மூட்டையை எடுத்துக்கொண்டு செல்வி உள்ளே போனாள். படியேறுகையில் இடுப்பில் ஒரு கையைக் கொடுத்துக்கொண்டாள்.

மாடக்கண்ணு தண்ணீரைக் குடித்தார். செம்பை மாமியார் கையில் கொடுத்தபோது அவள் தாழ்ந்த குரலில், “சின்னப் பிள்ள, கோவத்துல பேசுது. மனசுல வைக்காதீங்க” என்றாள். பிறகு இன்னும் தாழ்த்தி, “நம்ம கருவாடு உப்பு சரியா இருந்துச்சா? அந்தத் தடவ கொஞ்சம் கூடிட்டோன்னு எனக்கு ஒரு சந்தேகம்” என்றாள்.

“சரியா இருந்துச்சு” என்றார் மாடக்கண்ணு.

அதற்குப் பிறகு செய்தி வரவில்லை. கேட்பதற்கு ஒன்றும் இல்லையே. சாப்பிட்டானா என்று யாரைக் கேட்பாள்? இவராக இரண்டு தடவை ‘உடம்பு நல்லா இருக்கா’ என்று அனுப்பினார். பார்த்ததற்கு அடையாளம் விழுந்தது. வீட்டில் இப்போது வாடை இல்லை. ஜெயஷீலா டீச்சர் வாடகை விஷயமாக ஒருநாள் வந்தபோது நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்தார். “பூனைக்கு வருத்தந்தான் அண்ணாச்சி, ஆனா வீடு இப்பதான் வீடு மாதிரி இருக்கு” என்றார். மிச்சக் கருவாட்டை என்ன செய்வதென்று தெரியாமல் மாடக்கண்ணு ஒருநாள் ஒன்றைச் சுட்டு வாயில் வைத்தார். மென்றுகொண்டே இருந்தார். விழுங்க முடியாமல் போய்த் துப்பினார்.

ஆனி மாதம் துறைமுக வாசலில் ஜெபின் நின்றான். பத்து நாள் ஆழ்கடலில் கிடந்துவிட்டு வந்த கறுப்பு முகத்தில் இருந்தது.

“மாமா, பொம்பளப் பிள்ள. அஞ்சு நாளாச்சு. தாயும் பிள்ளையும் சொகம்.”

“யாரு சாடை?”

“மூக்கு ஒங்க மூக்குன்னு அம்மை சொல்லுதா.”

மாடக்கண்ணு மூக்கைத் தடவிக்கொண்டார். ஷிப்டுக்கு மணி ஆகிவிட்டது. உள்ளே போகிற லாரிகள் ஹாரன் அடித்தன.

“வந்து ஒருக்க பாத்துட்டுப் போகட்டா? உள்ளகூட வரல. வாசல்ல இருந்தே.”

ஜெபின் காலால் தரையைத் தேய்த்தான். “அவகிட்டக் கேட்டுச் சொல்லுதேன் மாமா.”

அதற்குப் பிறகு அவர்கள் இரண்டு தடவை அதே வாசலில் பார்த்துக்கொண்டார்கள். போட்டைப் பற்றிப் பேசினார்கள், டீசலைப் பற்றிப் பேசினார்கள். அவளிடம் கேட்டானா என்று மாடக்கண்ணு கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும்.